ஞாயிறு சமைத்து வாரம் முழுக்கச் சாப்பிடலாமா?

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் வங்கியில் வேலை. காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். கணவர் மாலை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவார், ஆனால் சமையலறைப் பக்கம் வந்து பழக்கமில்லை. உடன் மாமியாரும் இருக்கிறார்.

சில மாதங்கள் இவர் ஞாயிற்றுக்கிழமையே சாம்பார், காரக்குழம்பு, பொரியல் எல்லாம் செய்து, பெரிய பாத்திரங்களோடு ஃபிரிட்ஜில் வைத்து வியாழக்கிழமை வரை ஓட்டியிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை, முந்தைய இரவு மிஞ்சிய சாதத்தை எலுமிச்சை சாதமாகத் தாளித்து மகளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மதியம் சாப்பிட்ட குழந்தை இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுத்தது, மறுநாள் தேறிவிட்டது. அன்றிலிருந்து மாமியார் ஃபிரிட்ஜில் வைத்த எதையும் பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது இவர் விடிகாலை நாலரைக்கு எழுந்து சமைக்கிறார். முடியாத இரவுகளில் வெளியில் ஆர்டர் செய்கிறார். மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய் அதற்கே போகிறது.

அவர் கேட்பது: மொத்தமாகச் சமைத்து வைப்பது தவறா? ஃபிரிட்ஜில் வைத்தால் சத்து போய்விடுமா? சமையல் நேரத்தை எப்படிக் குறைப்பது? கடைசியாக, மகன் கேக் கேட்கிறான், குக்கரில் செய்யலாமா, ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார) அடுப்பு வாங்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரி,

மகள் தேறிவிட்டாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உங்கள் முதல் கேள்விக்கான பதில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது: "சாதம் ராத்திரி குக்கரிலேயே இருந்தது, காலையில் வாசனை எதுவும் வரவில்லை, நன்றாகத்தான் இருந்தது." அந்தச் சாதம் ஃபிரிட்ஜுக்குள் போகவே இல்லை. பழி மட்டும் ஃபிரிட்ஜின் மேல் விழுந்துவிட்டது.

அன்று என்ன நடந்திருக்கும்?

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சாதம் வேகும் கொதியிலும் அவை சாவதில்லை. வெந்த சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. மறுநாள் தாளித்தாலும், மைக்ரோவேவில் சூடாக்கினாலும் பாக்டீரியா சாகலாம், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு நடந்தது இதோடு அப்படியே பொருந்துகிறது. சோதனை எதுவும் செய்யாததால் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் சந்தேகம் முதலில் போவது மூடிய குக்கருக்குள் இரவெல்லாம் இருந்த அந்தச் சாதத்தின் மேல்தான்.

"வாசனை வரவில்லை" என்பதை நம்மில் பலர் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். கெட்டுப்போன வாடை தருவது வேறு கிருமிகள். நோய் தருபவை பல நேரம் மணத்தையோ சுவையையோ மாற்றுவதே இல்லை. மோந்து பார்த்து முடிவு செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உடனே உங்கள் மாமியார் பழைய சோற்றைப் பற்றிக் கேட்பார், நியாயமான கேள்விதான். பழைய சோறு தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது. லாக்டிக் அமிலம் உண்டாகி நீராகாரம் புளிப்பேறும். அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கி வைக்கும். காலையில் மோர் விட்டு, உப்புப் போட்டு உடனே குடித்துவிடுவார்கள். தண்ணீர் விடாமல் குக்கரில் மூடிக் கிடந்த சாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை மதியம் வரை டப்பாவில் வைத்தது இன்னும் சில மணி நேரத்தைக் கூட்டிவிட்டது.

மொத்தமாகச் சமைப்பது தவறில்லை, ஆறவைத்த விதம்தான் தவறு

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சமைத்த உணவு அந்த இடைவெளியில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சென்னையில் அப்படிப்பட்ட மாதங்கள்தானே அதிகம்.

"சூடாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதால் ஞாயிறு மதியம் செய்த சாம்பாரை இரவு படுக்கும்போதுதான் உள்ளே வைப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை அனேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது, அதுதான் ஆபத்து. மூன்று லிட்டர் சாம்பார் ஒரே பாத்திரத்தில் தானாக ஆற பல மணி நேரம் ஆகும். அதை அப்படியே உள்ளே வைத்தாலும் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும், பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறும். அதனால் பாத்திரத்தை மாற்றுங்கள். அகலமான, ஆழம் குறைந்த எவர்சில்வர் டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு டப்பாக்களை அதில் நிறுத்தி அவ்வப்போது கிளறுங்கள். அரை மணி நேரத்தில் சூடு நன்றாகத் தணிந்துவிடும். லேசான வெதுவெதுப்பு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, மூடி உள்ளே வைத்துவிடலாம்.

அப்படி வைத்த குழம்பு, கூட்டு, பருப்பு மூன்று நாள் வரை தாங்கும், நான்காவது நாள் கடைசி. ஞாயிறு செய்ததை வியாழன் வரை ஓட்டுவது அந்த எல்லையின் விளிம்பு. அதைப் புதனோடு நிறுத்துங்கள், மீதி நாட்களுக்கு ஃப்ரீசரை நம்புங்கள். சாதத்தை மட்டும் ஒரே நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, குழம்பென்றால் தளதளவென்று கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி வையுங்கள், அது ஒரே சீராகச் சூடாக்காது.

மின்வெட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். அதற்கு மேல் கரண்ட் போய்விட்டால் சமைத்த உணவை மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

சத்து விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை நேரம் ஆக ஆகவும், திரும்பத் திரும்பச் சூடாக்கும்போதும் குறையும். அதனால் கீரையையும் பொரியலையும் அன்றன்று செய்வதுதான் நல்லது. பருப்பின் புரதம், நார்ச்சத்து, இரும்பு, கால்சியம் இவற்றை ஃபிரிட்ஜ் ஒன்றும் செய்யாது. தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும் என்று அவர் எச்சரிப்பது முழுக்கச் சரி. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துச் சமையலறையில் பிள்ளைகளை நோயில்லாமல் வளர்த்தவர்களின் கட்டுப்பாடு அது. அவரிடம் வாதாடுவதைவிட, அன்றைய சாதம் ஃபிரிட்ஜில் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

முழுச் சமையலை வைக்காதீர்கள், பாதிச் சமையலை வையுங்கள்

நான் இன்று உங்களிடம் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். முடிந்த சாம்பாரை நான்கு நாள் வைத்தால் ருசியும் போகும், பிள்ளைகளுக்கும் சலிக்கும். நேரம் தின்னும் வேலைகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை முடித்து வையுங்கள். கடைசிக் கொதியும் தாளிப்பும் அன்றன்று இருக்கட்டும். வீட்டில் தாளிக்கிற மணம் வந்தால் உங்கள் மாமியாருக்கும் அது புதுச் சமையல்தான், உண்மையிலும் அப்படித்தான்.

துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வைக்கலாம். காலையில் ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் இரவுக்குள் இளகியிருக்கும். புளியும் பொடியும் காயும் சேர்த்தால் இருபது நிமிடத்தில் சாம்பார், தக்காளியும் மிளகும் சேர்த்தால் ரசம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு வேகவைத்து இதே போல உறைய வைத்தால் ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் குழம்பு. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு நன்றாகச் சுருள வதக்கிய தொக்கு இன்னொரு கைகொடுக்கும் பொருள். பாதியை ஃபிரிட்ஜிலும் பாதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டைத் தொக்கு, வெந்த கடலையைப் போட்டால் சப்பாத்திக்குக் குருமா மாதிரி ஆகும். துருவிய தேங்காய் ஃப்ரீசரில் வாரக்கணக்கில் நிற்கும். உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்ட குழம்பை மட்டும் உறைய வைக்காதீர்கள், இளகும்போது காய் சொதசொதத்துவிடும்.

மாவு இருக்கும் வீட்டில் பாதி வாரம் பிரச்சினையே இல்லை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். புளித்ததும் பெரிய பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைக்காமல் இரண்டு மூன்று டப்பாவாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்ததும் அன்றே தீர்த்தால் மற்றவை அதிகம் புளிக்காது. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் காய்கறி தூவிய ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். தொட்டுக்கொள்ளத் தினமும் சட்னி அரைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி ஈரம் படாமல் இருந்தால் மாதம் முழுக்க வரும். பொடி வறுக்கும் பக்குவம் மாமியாருக்கு அத்துப்படியாக இருக்கும் என்று நினைக்கிறேன், உடம்பு ஒத்துழைத்தால் அவரையே கேளுங்கள். விலக்கி வைக்கப்பட்டவர் போல அவர் உணராமல் இருப்பதும் உங்கள் வீட்டுக்கு நல்லது.

இரவுச் சாதத்துக்குக் குக்கர் அடுக்கு போதும். அடியில் பருப்பு, நடுவில் அரிசி, மேல் தட்டில் நறுக்கிய கேரட், பீன்ஸ். ஒரே நெருப்பில் மூன்றும் வெந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம்.

டிபன் பாக்ஸ்

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்குக் கட்டும் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது. மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கில் இது அடங்காது. அதனால் எதை எப்படிக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். குழம்புச் சாதம் கொடுப்பதானால் சூடு பிடிக்கும் ஃபிளாஸ்க் டப்பாவில் முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தை நிரப்பி மூடுங்கள். சாதாரண டப்பா என்றால் சப்பாத்தி, பொடி தடவிய இட்லி, புளிச் சாதம் போல ஈரம் குறைந்ததும் புளிப்பானதும் மேல். பயணத்துக்கு நம் பாட்டிமார் புளியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டியது இதனால்தான். எலுமிச்சை சாதமும் கொடுக்கலாம், ஆனால் சாதம் அன்று காலை வடித்ததாக இருக்கட்டும். தேங்காய்ப்பால் சாதம், தேங்காய்ச் சட்னி, பாதி வெந்த முட்டை ஆகியவை வெயில் காலத்தில் டப்பாவுக்கு வேண்டாம்.

மறுபடி குழந்தைக்கு வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். எனும் உப்புச் சர்க்கரைப் பொடியை பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, சோர்ந்து மயங்கிக் கிடப்பது, குடித்ததெல்லாம் வெளியே வருவது, இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேக் விஷயம்

குக்கரில் செய்யலாம்தான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்துச் செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் சூடாவதற்காகச் செய்த பாத்திரம் அல்ல அது. தினமும் பருப்பு வைக்கும் குக்கரை அப்படிப் பயன்படுத்த நான் சொல்ல மாட்டேன். கனமான பழைய இரும்பு வாணலியும் பொருந்தும் மூடியும் இருந்தால் அதில் முயன்று பாருங்கள். பிடித்துப்போனால் அப்புறம் ஓ.டி.ஜி. வாங்கலாம். பெரும்பாலான ஓ.டி.ஜி.க்கள் 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும், அதைத் தாங்கும் பவர் பிளக் உங்கள் சமையலறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் செருக வேண்டாம். 1,500 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒன்றரை யூனிட். வாங்கினால் கேக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலிஃபிளவர், சர்க்கரைவள்ளி, பனீர் இவற்றை எண்ணெய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பிசறி 200 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் வைத்தால் பக்கத்தில் நிற்காமலே பொரியல் தயார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த அடுப்பின் உண்மையான பயன் இதுதான் என்பேன்.

மகனுக்கு வாழைப்பழக் கேக் செய்து கொடுங்கள். நன்கு பழுத்த, தோல் கறுத்த பெரிய வாழைப்பழம் மூன்று மசித்து, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, 80 மில்லி எண்ணெய், 100 மில்லி கெட்டித் தயிர் சேர்த்து அடியுங்கள். 200 கிராம் கோதுமை மாவு, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு சலித்துப் போட்டு மாவு ஈரமாகும் வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் கலக்கினால் கேக் ரப்பராகும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேரும்போதே வாயு கிளம்பிவிடும், அதனால் கலந்ததும் தாமதிக்காமல் பத்து நிமிடம் சூடேறிய அடுப்பில் 180 டிகிரியில் வைத்துவிடுங்கள். நாற்பது நிமிடத்தில் குச்சியைக் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வர வேண்டும். வாணலியில் என்றால் சிறுதீயில் இன்னும் சிறிது நேரம் பிடிக்கும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை என்று மாற்றிவிட்டால் கவலையில்லாமல் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோதுமையால் நார்ச்சத்து கூடும், அது நல்லதுதான். நாட்டுச் சர்க்கரை உடம்புக்குள் போனதும் சர்க்கரைதான். இந்த அளவைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சுமார் 10 கிராம் இனிப்பு, பழத்தில் உள்ளதைச் சேர்க்காமல். சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் மகன் வயதுக்கு ஐந்து சதவீதம் என்பது ஏறக்குறைய 15 முதல் 18 கிராம். எனவே மாலையில் ஒரு துண்டு போதும், அன்று பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட பாலும் வேண்டாம். மீதித் துண்டுகளைத் தனித்தனியே சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும்.

வீட்டில் பேச வேண்டியது

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு கடந்துவிட்டீர்கள். நான் கடக்கப் போவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வருபவர் அரிசி களைந்து குக்கர் வைப்பதில் என்ன தடை? "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கேட்டால் காய் நறுக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடும். இரவுச் சாதமும் தோசை வார்ப்பதும் அவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுங்கள். நாலரை மணிக்கு எழுந்துகொண்டே இருந்தால் உங்கள் உடம்பு தாங்காது. உணவியல் ஆலோசனையில் தூக்கமும் அடக்கம்.

ஆர்டர் செய்வதை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு இரவு என்று வைத்துக்கொண்டால் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. வெளி உணவில் உப்பும் எண்ணெயும் நம் கையில் இல்லை என்பதால் மூன்று இரவுகள் அதிகம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடாதீர்கள். மாவு அரையுங்கள், பருப்பு வேகவைத்து நான்கு டப்பாவில் உறைய வையுங்கள், ஒரு தொக்கு வதக்குங்கள். அன்றிரவே சாதத்தைக் குக்கரில் வைக்கும் வேலையை உங்கள் கணவர் தொடங்கட்டும். மிஞ்சினால் உடனே ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.